தென்பெண்ணையின் மீனுக்கு விலை

தமிழகத்தில் ஆறு அரசுப் புறம்போக்கு. ஜமீன்களிடம் இருந்த ஆறு, ஏரி, மீன்பிடி உரிமைகளையும் 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் அரசிடம் சேர்த்தது. எனவே ஆற்றின் ஒரு பகுதியை யாரும் கிரயம் வாங்க முடியாது. குறிப்பிட்ட காலத்துக்கு மீன் பிடிக்கும் உரிமையைத்தான் பெற முடியும். ஊர்ப்பேச்சில் இது மீன்பாசி குத்தகை. ஜூலை 1-இல் தொடங்கும் பசலி ஆண்டுக் கணக்கில், ஏலத்தாலோ ஒப்பந்தப்புள்ளியாலோ இது விடப்படுகிறது.

இங்கிலாந்தில் வழக்கம் வேறு. அங்கே கரை நிலத்துக்காரருக்கே மீன்பிடி உரிமை உண்டு. நிலத்தை வைத்துக்கொண்டு உரிமையை மட்டும் விற்கவும் செய்யலாம். கெண்டை போன்ற மீன்களைத் தூண்டிலில் பிடித்துத் திரும்ப ஆற்றில் விடும் சங்கங்கள் அவ்வுரிமைகளை வாங்குகின்றன. ஒரு கரையா இருகரையா, எவ்வளவு நீளம், வண்டி போக வழி உண்டா என்பவையே அங்கே விலையைத் தீர்மானிக்கின்றன.

இந்தியாவிலும் இவ்வுரிமை வெறும் வாய்மொழி ஏற்பாடு அல்ல. ஒடிசாவின் சிலிகா ஏரி வழக்கில், மீன்பிடி உரிமை அசையாச் சொத்தைச் சேர்ந்தது என்றும், பதிவுப் பத்திரம் இன்றி அது கைமாறாது என்றும் 1955-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தென்பெண்ணை ஆற்றில் இந்த உரிமையின் பணம் அணைகளில்தான் இருக்கிறது. ஓடும் ஆற்றில் விட்ட குஞ்சுகளை வெள்ளம் அடித்துச் சென்றுவிடும். ஓசூர் அருகே 44.28 அடி கொள்ளளவு மட்டமுள்ள கெலவரப்பள்ளி, 52 அடி மட்டமுள்ள கிருஷ்ணகிரி அணை ஆகியவற்றில் நீர் தங்குவதால் மீன் வளர்க்க முடிகிறது. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் மேய்வதால் மூன்றையும் சேர்த்தே விடுகிறார்கள். தேங்கிய நீரில் இவை எளிதில் இனப்பெருக்கம் செய்யாது. ஆகவே ஆண்டுதோறும் குஞ்சு வாங்கும் செலவு கணக்கில் சேரும். தானாகவே பெருகும் ஜிலேபி மீனுக்கு அச்செலவு இல்லை. ஆனால் சந்தையில் விலை குறைவு.

நீர்ப்பரப்பு, நீர் நிற்கும் மாதங்கள், குஞ்சுச் செலவு, வலைக்கூலி, காவல், சந்தைத் தொலைவு ஆகியவற்றைக் கூட்டிக் கழித்தே ஏலத் தொகை கேட்க வேண்டும். இந்தப் பகுதியில் இன்னொன்றும் உண்டு: நீரின் தரம். நந்தி மலையில் பிறக்கும் ஆறு, பெங்களூரின் கழிவையும் சுமந்துகொண்டு எல்லை தாண்டுகிறது. கெலவரப்பள்ளியில் நீர் திறக்கும்போது நுரை மலைபோல் எழுவது அதன் அடையாளம். கழிவு மிகுந்தால் நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் செத்து மிதக்கும். போட்ட முதல் போய்விடும். பாசனத்துக்கு நீர் திறக்கப்படும்போது மீனுக்காக நிறுத்தி வைக்கச் சொல்லவும் குத்தகைதாரருக்கு உரிமை இல்லை. இந்த இரு இடர்களுக்கும் இடம் விட்டுக் கேட்கும் தொகையே நியாயமான தொகை.