தலைகீழாய்த் தொங்கும் தக்காளி

2023ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் தக்காளி பட்ட பாட்டை, இல்லை, தக்காளியால் நாம் பட்ட பாட்டை, நேயர்கள் அதற்குள் மறந்திருக்க மாட்டார்கள். கிலோ 100 ரூபாயைச் சர்வ சாதாரணமாகத் தாண்டிற்று. சென்னையில் சர்க்கார் தலையிட்டு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. ஒரு காலத்தில் ‘சீமைத் தக்காளி’ என்று நம் பாட்டிமார் அடுக்களைக்குள் சேர்க்கத் தயங்கிய பழம், சிராத்தச் சமையலில் பல வீடுகளில் இன்னமும் இடம் பெறாத பழம், இல்லையென்றால் ரசமே இல்லை என்னும்படியாகிவிட்டது. ஆனால் அதே வருஷம் செப்டம்பருக்குள் விலை அதல பாதாளத்தில் விழுந்தது. வாங்குகிறவனும் அழுதான், விளைத்தவனும் அழுதான்.

கொல்லைப்புறம் உள்ளவர்களுக்கு இந்தக் கவலை பாதிதான். அடுக்குமாடிக் குடித்தனக்காரர்களாகிய நமக்கோ கொல்லையும் இல்லை, மொட்டை மாடியில் உரிமையும் இல்லை. இருப்பது மூன்றடி அகலத்தில் ஒரு பால்கனி. அதிலும் தரையெல்லாம் துணி துவைக்கும் இயந்திரமும் குழந்தையின் சைக்கிளும் ஆக்கிரமித்துக்கொண்டிருக்கும். காலியாக இருப்பது தலைக்கு மேலுள்ள ஆகாசம் ஒன்றே. அதில் தக்காளியைத் தலைகீழாகத் தொங்கவிடலாம் என்ற யோசனை அமெரிக்காவில் பரவியது. 2000க்குப் பிறகு ‘டாப்ஸி டர்வி’ என்ற பெயரில் இதற்கென்றே ஒரு பை அங்கே டெலிவிஷன் விளம்பரங்கள் மூலம் ஏராளமாக விற்பனையாயிற்று. அதை வரவழைக்க வேண்டிய அவசியம் ஏதும் இல்லை. வர்ணம் பூசி முடித்த காலி வாளி எந்தத் தெருவிலும் கிடைக்கும். நன்றாகக் கழுவிக் கொண்டால் போதும்.

பத்து லிட்டர் வாளியின் அடியில் இரண்டங்குலத் துவாரம் இட வேண்டும். ஒரு சாண் வளர்ந்த நாற்றின் வேரை ஈரத் துணியில் சுற்றிக் கீழிருந்து உள்ளே செலுத்தி, தண்டைச் சுற்றித் தேங்காய் நாரை அடைத்து, மேலிருந்து செம்மண், தென்னை நார்த்தூள், மண்புழு உரம் மூன்றையும் சமபாகமாகக் கலந்து நிரப்ப வேண்டும். நனைந்த பின் இதன் கனம் பத்துக் கிலோவுக்குக் குறையாது. ஆகையால் துணிக்கொடிக் கம்பியை நம்பாமல், கூரையின் காங்கிரீட்டில் பதித்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். வாடகை வீடாயின் முதலில் வீட்டுக்காரர் சம்மதம்!

மாட்டிய மறுநாள் காலையில் ஒரு வேடிக்கை காணலாம். கீழ்நோக்கி விட்ட நுனி, மேல்நோக்கி வளையத் தொடங்கியிருக்கும். சில நாட்களில் செடி தூண்டில் முள்ளைப் போல் ஆகிவிடும். செடியின் உயிரணுக்களுக்குள் கனத்த மாவுச்சத்து மணிகள் உள்ளன. பூமியின் ஆகர்ஷணத்தால் அவை கீழ்ப்புறம் சென்று படிகின்றன. அதையொட்டி ‘ஆக்ஸின்’ என்னும் வளர்ச்சிச் சத்து தண்டின் கீழ்ப்புறத்தில் மிகுந்து சேர, அப்பக்கம் அதிகமாக நீளுகிறது. தண்டு மேலே நிமிர்கிறது. மாலையில் சாய்ந்து காலையில் நிமிர்ந்த பரீத்பூர் ஈச்சமரத்தை ஆராய்ந்த நம் ஜகதீச சந்திர போஸ், இந்தக் காட்சியைக் கண்டிருந்தால் உடனே கருவிகளுடன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தில் ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தும் ஏறாத விஷயம், இந்த வாளியின் அடியில் ஒரே நாளில் ஏறிவிடுகிறது. பிறகு காய் கனக்கத் தொடங்கியதும் கிளை தானாகவே தாழ்ந்துவிடும். கொம்பு நட்டுக் கட்டும் வேலை மிச்சம். இலைகளில் மண் தெறித்து நோய் பற்றுவதும் குறைவு.

இவ்வளவும் லாபக் கணக்கு. விளம்பரக்காரர்கள் சொல்லாத நஷ்டக் கணக்கும் உண்டு. அதை நாம் அனுபவித்தே கற்றோம். முதல் தடவை மார்ச் மாதத்தில் தொங்கவிட்டோம். பூ பூத்தது, பூத்த பூவெல்லாம் உதிர்ந்தது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் தக்காளியின் மகரந்தம் பயனற்றுப் போகிறது. அது போதாதென்று, உச்சிச் சூரியனை வாளியே குடைபோல் மறைத்துச் செடியை நிழலில் நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் வெயில் சாய்ந்து விழும். சென்னையிலோ ஏப்ரலில் தலைக்கு நேரே நிற்கும். தப்பிப் பிழைத்த நாலைந்து காய்களும் அடிப்பக்கம் கறுத்து அழுகின. ஒருநாள் மறந்து மறுநாள் இரட்டிப்பாகத் தண்ணீர் ஊற்றியதன் பலன் அது. நீர் ஒழுங்காக ஏறாவிட்டால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்துப் போய்ச் சேருவதில்லை. தொங்கும் வாளியை நாற்புறமும் காற்று உலர்த்துகிறது. வெயில் நாளில் இருவேளையும் தண்ணீர் வேண்டும். ஊர் செல்லும் குடும்பங்களுக்கு இது ஏற்றதல்ல என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இரண்டாம் தடவை செப்டம்பரில் விதைத்து, அக்டோபரில் தெற்குப் பார்த்த பால்கனியில் மாட்டினோம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வெயில் வாளிக்கு அடியில் புகுந்து செடியைத் தொட்டது. பெரிய பழ ஜாதியை விட்டு, கோலிக்குண்டு போன்ற ‘செர்ரி’ தக்காளியைத் தேர்ந்தோம். கனத்தால் கிளை முறியாது. பூத்த காலத்தில் தினமும் காலையில் கொத்தை விரலால் இலேசாகச் சுண்டிவிட்டோம்; மகரந்தம் உதிர்ந்து அந்தப் பூவிலேயே சேர்ந்துவிடும். வாளியின் மேற்பரப்பில் தூவிய கொத்துமல்லியும் முளைத்தது.

வந்த இடையூறு வேறிடத்திலிருந்து. ஊற்றிய தண்ணீர் சொட்டிக் கீழ்வீட்டு அம்மாள் காயப்போட்டிருந்த வடகத்தை நனைத்துவிட்டது. அந்த அம்மாள் மாடியேறி வந்து பேசிய வார்த்தைகள் அச்சிடத் தகுந்தவை அல்ல. அன்று மாலையே வாளிக்கு நேர் கீழே ஓர் அகன்ற தட்டைக் கட்டித் தொங்கவிட்டோம். ஆனாலும் பிப்ரவரி வரையில் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் முகம் திருப்பல்தான். பிப்ரவரியில் பழம் சிவந்தது. முதல் கிண்ணத்தை நம் வீட்டுப் பெண் கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்த கிண்ணத்தில் வடகம் இருந்தது. கூடவே, இந்த வாளிக்குத் துவாரம் எத்தனை அங்குலம் என்ற கேள்வியும் வந்தது.