பன்னிரண்டு பிட்டுக்குள் ஒரு கணினி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1965-ஆம் ஆண்டில் 18,000 டாலர் விலையில் வெளியிட்ட பிடிபி-8, பெருங்கணினி வாங்க வசதியில்லாத ஆய்வுக்கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் எட்டிய சிறுகணினியாகும். விலையைக் குறைக்க வேண்டும் என்ற ஒரே நெருக்கடிதான் அதன் வன்பொருளின் ஒவ்வொரு கூறையும் தீர்மானித்தது.

அக்கணினி ஒரே வேளையில் கையாளும் தரவின் அளவு, அதாவது அதன் 'சொல்', 12 பிட்டுகளே. ஒரு கட்டளையும் அந்தப் பன்னிரண்டுக்குள் அடங்க வேண்டியிருந்ததால், செய்ய வேண்டிய செயலைக் குறிக்க மூன்று பிட்டுகளும், நினைவக முகவரிக்கு ஏழு பிட்டுகளும், அந்த முகவரியை எவ்வாறு பொருள்கொள்வது என்பதைச் சொல்ல இரண்டு பிட்டுகளும் ஒதுக்கப்பட்டன. ஏழு பிட்டுகளால் 128 இடங்களை மட்டுமே சுட்ட முடியும் என்பதால், 4,096 சொற்கள் கொண்ட நினைவகம் 32 'பக்கங்களாக'ப் பகுக்கப்பட்டது. நடப்புப் பக்கத்தையும் பூச்சியப் பக்கத்தையும் தாண்டி வேறெங்கும் செல்ல வேண்டுமானால், இலக்கின் முழு முகவரியையும் ஓரிடத்தில் எழுதிவைத்து, அதன் வழியாக மறைமுகமாகவே செல்ல வேண்டும்.

மூன்று பிட்டுகள் எட்டு அடிப்படைக் கட்டளைகளுக்கே இடம் தந்தமையால், கழித்தலுக்கெனத் தனிக் கட்டளை இல்லை. கணக்கீடு நிகழும் பதிவகமான திரட்டியில் கழிக்க வேண்டிய எண்ணை இட்டு, அதன் எல்லாப் பிட்டுகளையும் தலைகீழாக்கி, ஒன்றைக் கூட்டி, பின்னர் மற்ற எண்ணைக் கூட்டினால் விடை கிடைத்துவிடும்.

கணினியுடன் எவற்றை இணைப்பது என்பதும் பிட்டுகளின் கணக்காகவே இருந்தது. உள்ளீட்டு வெளியீட்டுக் கட்டளையில் சாதனத்தின் எண்ணுக்கு ஆறு பிட்டுகள் ஒதுக்கப்பட்டதால் 64 சாதன எண்களுக்கு இடமிருந்தது. டெலிடைப் எந்திரத்தின் விசைப்பலகையும் அச்சுப் பகுதியும் தனித்தனி எண்களைப் பெற்றன. கூடுதல் சுற்றமைப்பைப் பொருத்தி, முகவரிக்கு மேலும் மூன்று பிட்டுகளைச் சேர்த்தால் நினைவகத்தை 32,768 சொற்கள் வரை பெருக்கலாம். 1970-இல் வந்த பிடிபி-8/இ மாதிரியில், செயலி, நினைவகம், சாதன இடைமுகம் ஆகிய அட்டைகள் யாவும் 'ஆம்னிபஸ்' என்னும் பொதுப் பாட்டையில் செருகப்பட்டதால், கணினியை விரிவாக்குவது பெரும்பாலும் அட்டை செருகும் வேலையாகச் சுருங்கியது.

தொடக்க நிரலை நிரந்தரமாக ஏந்திய சில்லு அடிப்படைக் கணினியில் இல்லாததால், இயக்குபவர் முன்பலகையிலுள்ள பன்னிரண்டு பொத்தான்களை மேலும் கீழுமாகத் தள்ளி, ஒரு சிறு ஏற்றுநிரலைச் சொல் சொல்லாக நினைவகத்தில் பதிப்பார். துளையிட்ட காகித நாடாவிலிருந்து பெரிய நிரல்களைப் படிக்கும் வேலையை அது மேற்கொள்ளும். நினைவகம் காந்த வளையங்களால் ஆனது என்பதால் மின்சாரம் நின்றாலும் பதிவு அழியாது. வேறு நிரல் அவ்விடத்தில் எழுதிவிட்டால் மட்டுமே அதை மீண்டும் பதிக்க நேரும்.

இத்தகைய சிக்கனத்தின் பயன் பின்னர் வெளிப்பட்டது: 1970-களின் நடுப்பகுதியில் இன்டர்சில் நிறுவனம், பிடிபி-8-இன் கட்டளைகளை அப்படியே நிறைவேற்றும் செயலியை ஒரே சில்லுக்குள் அடக்கியது, பழைய நிரல்களின் ஆயுளும் அதனால் நீண்டது.