மாற்றுத்திறனாளிகளின் சுற்றுலா உரிமை: சட்டம் சொல்வது என்ன? பயணம் தடைபடுவது எங்கே?

புதுடெல்லி: இயற்பியல் அறிஞர் ஸ்டீஃபன் ஹாக்கிங் 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தியா வந்திருந்தபோது டெல்லியின் வரலாற்றுச் சின்னங்களைக் காண விரும்பினார். சக்கர நாற்காலியில் இயங்கிய அவருக்காக குதுப் மினார், ஜந்தர் மந்தர் உள்ளிட்ட இடங்களில் மரத்தாலான தற்காலிகச் சாய்தளங்கள் அமைக்கப்பட்டன. ஒரு விருந்தினருக்காகச் சில நாட்களில் செய்ய முடிந்ததை, இந்நாட்டின் குடிமக்களுக்காக நிரந்தரமாகச் செய்ய முடியாதா என்ற கேள்வி அப்போது எழுந்தது. பின்னாளில் குதுப் மினார் வளாகத்தில் நிரந்தரச் சாய்தளங்கள் வந்தன. ஆனால் அந்தக் கேள்வி நாட்டின் பெரும்பாலான சுற்றுலாத் தலங்களைப் பொறுத்தவரை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களில் சுமார் 54 லட்சம் பேர் உடல் இயக்கக் குறைபாடு உடையவர்கள். கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவற்றில் இவர்களுக்குள்ள இடஒதுக்கீடு பற்றி ஓரளவு பேசப்படுகிறது. கடற்கரைக்குச் செல்வது, கோட்டையைச் சுற்றிப் பார்ப்பது, குடும்பத்துடன் மலைவாசத்தலத்தில் இரண்டு நாள் தங்குவது போன்றவை ஆடம்பரமாகவே கருதப்பட்டு வந்துள்ளன. சட்டம் அவ்வாறு கருதவில்லை.

சட்டத்தில் இருப்பது என்ன?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே அங்கீகரித்திருந்தது; புதிய சட்டம் 21 வகைகளை அங்கீகரித்தது. இதன் 29-ஆவது பிரிவு பண்பாடு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கானது. மற்றவர்களுக்கு இணையாகப் பொழுதுபோக்குகளில் பங்கேற்கும் உரிமையை அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் பாதுகாக்க வேண்டும் என்று அது கூறுகிறது. வெளிப்புற முகாம்களும் சாகச நடவடிக்கைகளும் கூட அப்பிரிவில் பெயர் குறித்தே சேர்க்கப்பட்டுள்ளன.

சாகசம் என்ற சொல் மிகையானது என்று எண்ணுவோர் ஒன்றை நினைவில் கொள்ளலாம். 2021 செப்டம்பரில் மாற்றுத்திறனாளிகள் 8 பேர் அடங்கிய குழு சியாச்சின் பனிப்பாறைப் பகுதியில் 15,632 அடி உயரத்தில் உள்ள குமார் போஸ்ட் என்ற இடத்தை அடைந்தது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, ரயில் விபத்தில் ஒரு காலை இழந்த அருணிமா சின்ஹா எவரெஸ்ட் சிகரத்தில் ஏறியிருந்தார்.

பயணத்துக்கு நேரடியாகத் தொடர்புடைய வேறு பிரிவுகளும் உண்டு. பேருந்து நிலையம், ரயில் நிலையம், விமான நிலையம் ஆகியவற்றில் அணுகல் வசதிகளைப் பிரிவு 41 கோருகிறது. வசதிகள் இல்லாத கட்டடத்துக்கு அனுமதியோ நிறைவுச் சான்றிதழோ வழங்கக் கூடாது என்கிறது பிரிவு 44. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்கிறது பிரிவு 45. அரசும் தனியாரும் அளிக்கும் சேவைகளுக்குப் பிரிவு 46 வழங்கிய அவகாசம் 2 ஆண்டுகள். விதிகள் அறிவிக்கப்பட்டது 2017 ஜூனில். எனவே இரண்டு காலக்கெடுக்களும் முறையே 2022, 2019 ஆகிய ஆண்டுகளிலேயே முடிந்துவிட்டன.

‘செய்யலாம்’, ‘செய்ய வேண்டும்’

இத்தனை தெளிவான சட்டம் இருந்தும் நடைமுறை ஏன் பின்தங்கியது? இதற்கான விடையின் ஒரு பகுதி 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் உள்ளது. பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரத்தூரி 2005-இல் தொடுத்த பொதுநல வழக்கு அது. 2017 டிசம்பரில் இதே வழக்கில் நீதிமன்றம் பல உத்தரவுகளையும் காலக்கெடுக்களையும் பிறப்பித்திருந்தது. அவற்றின் நிலையை ஆராய்ந்து அறிக்கை அளிக்கும் பொறுப்பு பின்னர் ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகியோர் அடங்கிய அமர்வு கண்டறிந்த முரண்பாடு இதுதான்: சட்டத்தின் 40-ஆவது பிரிவு, அணுகல் தரநிலைகளை விதிகளாக வகுக்க வேண்டும் என மத்திய அரசுக்கு உத்தரவிடுகிறது. ஆனால் 2017-ஆம் ஆண்டு விதிகளின் 15(1)-ஆவது விதி சுட்டிய ஆவணங்களோ பெரிதும் பரிந்துரைகளாகவே இருந்தன. சாய்தளம் எவ்வளவு சரிவாக இருக்கலாம், கழிவறை எவ்வளவு அகலமாக இருப்பது நல்லது என்ற தொனியிலேயே அவை பேசின. பரிந்துரையை மீறியதற்காக எவருக்கும் அபராதம் விதிக்க இயலாது. எனவே அந்த விதி மூலச் சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்த நீதிமன்றம், எவ்விதச் சமரசத்துக்கும் இடமற்ற கட்டாயத் தரநிலைகளைத் தனியே பிரித்து 3 மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

அவ்வாறு வகுக்கப்படும் தரநிலைகளைப் பின்பற்றாத கட்டடங்களுக்கு நிறைவுச் சான்றிதழை நிறுத்தி வைக்கவும், சட்டத்தின் 89-ஆவது பிரிவின் கீழ் அபராதம் விதிக்கவும் வேண்டும் என்றும் தீர்ப்பு கூறியது. அப்பிரிவின்படி முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். ஒரு நட்சத்திர விடுதிக்கு இத்தொகை பெரிதல்ல. நிறைவுச் சான்றிதழ் கிடைக்காமல் போவதுதான் உண்மையில் வலிக்கும்.

ஒரு படியில் முடியும் பயணம்

சக்கர நாற்காலியில் செல்பவரின் பயணம் ஒரு சங்கிலியைப் போன்றது. வீட்டு வாசல், வாடகைக் கார், நடைமேடை, ரயில் பெட்டி, கழிவறை, விடுதி அறை, கடைசியாகக் காண வந்த இடம் என எதிலேனும் ஒரு கண்ணி அறுந்தால் மற்ற அனைத்தும் வீணாகின்றன. ஒரு நினைவுச்சின்னத்தில் சாய்தளம் இருக்கிறது என்ற தகவலால் மட்டும் ஒருவர் அங்கு சென்றுவிட முடியாது.

ரயிலை எடுத்துக்கொள்வோம். துணையின்றிப் பயணிக்க இயலாத உடல் இயக்கக் குறைபாடுடையோருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் படுக்கை வசதிப் பெட்டி, மூன்றடுக்கு ஏசி உள்ளிட்ட வகுப்புகளில் 75 சதவீதமும், முதல் வகுப்பு ஏசி, இரண்டடுக்கு ஏசி ஆகியவற்றில் 50 சதவீதமும் கட்டணச் சலுகை உண்டு. கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் உள்ளிட்ட பல பிரிவினரின் சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகை தொடர்ந்தது. பாராட்டத்தக்கதே. எனினும் சலுகையின் வாசகத்தைக் கவனித்தால், மாற்றுத்திறனாளி எப்போதும் இன்னொருவருடன்தான் பயணிப்பார் என்ற முன்முடிவு அதில் தெரிகிறது. தனியே பயணிக்க விரும்புபவருக்குத் தேவை, தானாக ஏறக்கூடிய பெட்டி. வழக்கமான பெட்டிகளின் தளம் நடைமேடையைவிட உயரமானது. குறுகிய படிகளில் ஏறியாக வேண்டும். உள்ளே சென்ற பின்னும் நடைபாதையும் கழிவறைக் கதவும் சக்கர நாற்காலியின் அகலத்துக்கு இடம் தருவதில்லை. அதனால்தான் பலர் சுமந்து ஏற்றப்படுகின்றனர். நீண்ட பயணங்களில் கழிவறைக்குச் செல்வதைத் தவிர்ப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர்.

2017 ஜூனில் நாக்பூரிலிருந்து டெல்லிக்குப் பயணித்த பாரா விளையாட்டு வீராங்கனை சுவர்ணா ராஜுக்கு மேல் படுக்கை ஒதுக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் இயங்கும் அவர் தரையில் படுத்து இரவைக் கழித்தார். அப்போதைய ரயில்வே அமைச்சர் சுரேஷ் பிரபு விசாரணைக்கு உத்தரவிட்டார். வந்தே பாரத் போன்ற புதிய ரயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்கேற்ற கழிவறைகளும் சக்கர நாற்காலிக்கான இடமும் வடிவமைப்பிலேயே சேர்க்கப்பட்டுள்ளன.

தொடக்கத்திலேயே திட்டமிடுவதற்கும் பிறகு சேர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இரு நகரங்களின் மெட்ரோக்கள் காட்டுகின்றன. 1984-இல் தொடங்கிய கொல்கத்தா மெட்ரோவின் பழைய நிலையங்கள் படிகளையும் நகரும் படிகளையும் நம்பியே கட்டப்பட்டவை. 2002-இல் தொடங்கிய டெல்லி மெட்ரோவில் மின்தூக்கியும் சாய்தளமும் முதல் வழித்தடத்திலிருந்தே இடம்பெற்றன.

விமானத்தில் சிக்கல் வேறு வகையானது. அங்கு பெரும்பாலும் தடையாவது கட்டமைப்பைவிட மனப்பான்மைதான். பெருமூளை வாதம் உடைய உரிமைச் செயற்பாட்டாளர் ஜீஜா கோஷ், 2012 பிப்ரவரியில் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்கு ஒரு மாநாட்டில் பங்கேற்கப் புறப்பட்டபோது, இருக்கையில் அமர்ந்த பிறகு தனியார் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் மாற்றுத்திறன் கொண்ட ஒரு சிறுவனை விமானத்தில் ஏற்ற மறுத்த சம்பவம் நிகழ்ந்தது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்ததுடன், விதிகளையும் திருத்தியது. பயணியின் உடல்நிலை பறக்கும்போது மோசமடையக்கூடும் என்று கருதினால், விமான நிலைய மருத்துவரின் பரிசோதனைக்குப் பிறகே நிறுவனம் முடிவெடுக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. ஊழியரின் ஊகம் போதாது.

விடுதியும் கடற்கரையும்

நட்சத்திரத் தகுதி கோரும் விடுதிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான அறை ஒன்றேனும் இருக்க வேண்டும் என்பது சுற்றுலா அமைச்சகத்தின் வகைப்பாட்டு நெறிகளில் உள்ளது. ஆனால் ஓர் அறை என்பது ஓர் எண்ணிக்கை மட்டுமே. குளியலறை வாசலில் இரண்டு அங்குல மேடு இருந்தால் அந்த அறையின் பயன் முடிந்தது. சாய்தளத்துக்கும் இது பொருந்தும். 12 அடி நீளத்துக்கு ஓர் அடிக்கு மேல் உயரக் கூடாது என்பது பொதுவான அளவுகோல். 60 சென்டிமீட்டர் உயரமுள்ள வாசலுக்கு 7.2 மீட்டர் நீளச் சாய்தளம் தேவை. இடம் போதவில்லை என்று மூன்று மீட்டரில் முடித்துவிட்டால், அது சக்கர நாற்காலி பின்னோக்கிக் கவிழும் ஆபத்தான சறுக்காகிவிடுகிறது.

கடற்கரை இன்னும் கடினமானது. மணலில் சக்கரங்கள் புதைந்துவிடும். சென்னை மெரினாவில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தற்காலிகப் பாதை போடப்பட்டு வந்த நிலையில், 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட நிரந்தர மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. கடலை முதன்முறையாக அருகில் கண்டவர்கள் பலர் அன்று அங்கிருந்தனர். இரண்டு வாரங்களுக்குள் மாண்டஸ் புயலின் அலைகள் அதன் கடலோரப் பகுதியைச் சேதப்படுத்தின. பின்னர் அது சீரமைக்கப்பட்டது. கட்டுவதற்கான நிதியைப் போலவே பராமரிப்புக்கான நிதியும் ஆண்டுதோறும் தேவை என்பதை அப்புயல் உணர்த்திச் சென்றது. கேரளச் சுற்றுலாத் துறை தடையற்ற சுற்றுலாவுக்கெனத் தனித் திட்டத்தையே செயல்படுத்துகிறது.

பயணிகள் என்ன செய்யலாம்?

பொதுக் கட்டடத்திலோ போக்குவரத்திலோ வசதி இல்லையெனில், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமோ மத்திய தலைமை ஆணையரிடமோ புகார் அளிக்கலாம். 2021-இல் அறிமுகப்படுத்தப்பட்ட ‘சுகம்ய பாரத்’ செயலியில் தடையின் புகைப்படத்தைப் பதிவேற்றிப் புகாரளிக்கும் வசதி உண்டு. விமானப் பயணத்தில் உதவி தேவைப்படுவோர் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததற்கான மின்னஞ்சலைப் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது. விடுதியை முன்பதிவு செய்யும்போது வசதி உண்டா என்று மட்டும் கேட்டால் உண்டு என்ற பதிலே வரும். குளியலறைக் கதவின் அகலம் எத்தனை அங்குலம், வாசலில் படி உள்ளதா என்று கேட்டு, அறையின் புகைப்படத்தையும் பெற்றுக்கொண்ட பிறகு முன்பணம் செலுத்தலாம்.