உச்சிக்குழி: வளரும் மூளைக்கு விட்ட இடம்

பிறந்த குழந்தையின் உச்சந்தலையில் மெத்தென்று ஓர் இடம் இருக்கும். கூர்ந்து பார்த்தால் அது நாடித்துடிப்போடு ஏறி இறங்குவதும் தெரியும். இதைத்தான் உச்சிக்குழி என்கிறோம். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது அந்த இடத்தைத் தொடவே பலர் அஞ்சுவர். உண்மையில் அது குறைபாடன்று. மூளை வளர்வதற்காகவே அமைந்த ஏற்பாடு.

ஐந்து தகடுகள்

வளர்ந்தவரின் மண்டையோடு இறுகிய ஓடு போன்றது. குழந்தைக்கு அப்படியன்று. தலையின் மேற்பகுதி முதன்மையாக ஐந்து எலும்புத் தகடுகளால் ஆனது: நெற்றியில் இரண்டு, உச்சியின் இருபுறமும் இரண்டு, பிடரியில் ஒன்று. அவற்றின் விளிம்புகளை நார்த்திசு இணைக்கிறது. இந்த இணைப்புகளைப் பொருத்துவாய்கள் என்பர். அவை சந்திக்கும் இடங்களில் எலும்பு மூடாத இடைவெளிகளே உச்சிக்குழிகள். பின்புறத்தில் உள்ள சிறிய முக்கோணக் குழி பெரும்பாலும் 2 அல்லது 3 மாதங்களில் மூடிவிடும். முன்புறத்தில் உள்ள சாய்சதுரக் குழி பொதுவாக 12 முதல் 18 மாதங்களுக்குள் மூடும். சில குழந்தைகளுக்கு 2 வயதுகூட ஆகலாம்.

பிரசவத்தின்போது இத்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறிக்கொள்வதால்தான் தலை குறுகிய வழியில் வெளிவர முடிகிறது. அதனால் தலை நீண்டு தோன்றினாலும் சில நாட்களில் தானே சீராகும். உருண்டையாக்க வேண்டுமென்று அழுத்தி உருவிவிடத் தேவையில்லை.

மூளையின் வேகம்

பிறக்கும்போது ஏறக்குறைய 350 முதல் 400 கிராம் இருக்கும் மூளை, முதலாண்டிலேயே இருமடங்குக்கு மேல் பெருக்கிறது. தலையின் சுற்றளவு சுமார் 35 செண்டிமீட்டரிலிருந்து 46 செண்டிமீட்டரை எட்டுகிறது. மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்தும் மூளைத்தண்டு பிறக்கும்போதே பணியாற்றத் தொடங்கிவிடுகிறது. உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையோ முதலாண்டில் மிக விரைவாக வளர்கிறது. மூளை பெருக்கப் பெருக்க, பொருத்துவாய்களின் விளிம்பில் புதிய எலும்பு உருவாகிறது. ஒரு பொருத்துவாய் முன்கூட்டியே மூடிக்கொண்டால் தலை கோணலாக வளரும். சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும். மருந்தகத்தில் தாதியர் தலையின் சுற்றளவை அளந்து குறித்துவைப்பது இதனால்தான்.

குழி காட்டும் அறிகுறிகள்

உச்சிக்குழியின் தோலுக்கு அடியில் உறுதியான சவ்வு உண்டு. எனவே மென்மையாகத் தொடுவதாலோ தலையைக் கழுவுவதாலோ தீங்கில்லை. குழந்தை அழும்போது குழி சற்று மேடாவது இயல்பே. அமைதியாக நிமிர்த்திப் பிடித்திருக்கும்போதும் அது புடைத்திருந்து, காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்திருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வயிற்றுப்போக்கின்போது குழி உள்வாங்கியிருந்தால் உடலில் நீர் வற்றுகிறது என்று பொருள். அதையும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குலுக்கவே கூடாது

குழந்தையின் உடல் நீளத்தில் ஏறக்குறைய கால்பங்கு தலையே. அதைத் தாங்கும் கழுத்துத் தசைகளோ வலுவற்றவை. குழந்தையைப் பிடித்து வேகமாகக் குலுக்கினால், மென்மையான மூளை மண்டையோட்டுக்குள் முன்னும் பின்னும் அலைகிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து சவ்வுக்குச் செல்லும் மெல்லிய இரத்தக் குழாய்கள் அறுந்து, உள்ளே இரத்தம் கசிகிறது. வெளியே ஒரு காயமும் தெரியாமல் போகலாம். ஆனால் பார்வையிழப்பு, மூளைப் பாதிப்பு, மரணம்வரை நேரலாம். தொட்டிலை மெல்ல ஆட்டுவது வேறு. ஆத்திரத்தில் குலுக்குவது வேறு.

முதல் இரண்டு மாதங்களில் அழுகை கூடிக்கொண்டே போவது இயல்பு. எவ்வளவு தேற்றியும் அடங்காமல் நம் பொறுமை எல்லை மீறும்போது, குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் விலகி நிற்கலாம். வேறொருவரின் துணையை நாடலாம். இதைத் தாய்க்கு மட்டும் சொன்னால் போதாது. தந்தை, சித்தப்பா, அத்தை, பணிப்பெண் என்று குழந்தையைத் தூக்கும் ஒவ்வொருவரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.