நீலம் எந்தப் பால்?

"நீலப் பாக்கெட் ஒண்ணு" என்றால் சென்னைக் கடைக்காரர் எடுத்துத் தருவது ஆவினின் சமன்படுத்திய பால். கொழுப்பு 3 சதவீதம். கெட்டிப் பால் வேண்டுமா? 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சுப் பாக்கெட் கேட்க வேண்டும்.

பிரிட்டனில் நீல மூடி போட்ட பாட்டில்தான் கொழுப்பு எடுக்காத முழுப் பால். ஆனாலும் அதில் கொழுப்பு 3.5 சதவீதத்தை ஒட்டித்தான். நம் ஆரஞ்சுப் பாக்கெட்டை எட்டாது. பச்சை மூடி என்றால் பாதிக் கொழுப்பு. சிவப்பு மூடியிலோ கொழுப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை.

அமெரிக்காவில்தான் வேடிக்கை. அங்கே பல நிறுவனங்கள் முழுப் பாலுக்கே சிவப்பு மூடி போடுகின்றன. லண்டன் பழக்கத்தில் கைநீட்டி எடுத்தால் டயட் அவ்வளவுதான்!

வெளிநாடு போகிறவர்கள் மூடி நிறத்தை நம்பாமல், லேபிளில் உள்ள கொழுப்பு அளவைப் பார்த்து வாங்குங்கள்.