உடன்போக்கும் கொண்டுசெல்லலும்: வினைச்சொல்லும் சட்டப் பொருளும்

1. முன்னுரை

அமெரிக்க மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்ட வரலாற்றுக் காதற்கதைகளில், வீட்டை நீங்கிய பெண்ணும் அவளைத் தேடிவரும் சட்டக் காவலனும் தலைமை மாந்தராக வருவதுண்டு. அவள் தானே சென்றாளா, பிறர் அவளைக் கொண்டுசென்றனரா என்பதே அங்குச் சட்டம் எழுப்பும் வினா. இவ்வினா தமிழுக்குப் புதிதன்று. இதில் இடம்பெறும் வினைகளின் பொருள் வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

2. அகப்பொருள் மரபு

தொல்காப்பியம் இந்நிகழ்வைக் 'கொண்டுதலைக்கழிதல்' என்கிறது. அகப்பாடல்களின் துறைக்குறிப்புகளிலும் பிற்கால இலக்கணங்களிலும் 'உடன்போக்கு' என்பது வழங்குகிறது. முன்னதில் தலைவன் வினைமுதல், தலைவி செயப்படுபொருள். பின்னதில் செல்பவள் தலைவியே. தலைவன் 'ஒடு' உருபேற்கும் உடனிகழ்வோன். நிகழ்ச்சி ஒன்றே; பங்கேற்போரின் வேற்றுமை உறவு மாறுகிறது. தேடிச் செல்வோரும் செவிலியும் தமருமேயன்றிச் சட்டக் காவலர் அல்லர்.

3. தில்லித் தீர்ப்பு

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 361ஆம் பிரிவு, 1960இல் நடைமுறையிலிருந்த வடிவில், 18 வயது நிரம்பாத பெண்ணைக் காப்பாளரின் இசைவின்றிக் கொண்டுசெல்வதையும் ஆசைகாட்டி அழைத்துச் செல்வதையும் குற்றமாக்கியது. அவ்வாண்டு, 18 வயது நிரம்பச் சில வாரங்களே இருந்த சென்னைக் கல்லூரி மாணவி ஒருவர், தாமே தொலைபேசியில் அழைத்துக் குறித்த இடத்தில் ஒருவரைச் சந்தித்து அவருடன் சென்றார். அவ்வழக்கு (எஸ். வரதராஜன் எதிர் சென்னை மாநிலம்) தில்லியிலுள்ள உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

1964 செப்டம்பர் 9 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு, கொண்டுசெல்லுதலும் உடன்வர இடமளித்தலும் ஒருபொருட் சொற்கள் அல்ல என்றது. வீட்டை நீங்கும் எண்ணம் உருவாவதில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தூண்டுதலோ செயற்பங்கோ இருந்திருத்தல் வேண்டும் எனக் கூறித் தண்டனையை நீக்கியது. எனினும், எந்நிலையிலும் அவை ஒன்றாகா எனப் பொதுவிதி வகுக்கவில்லை.

4. மொழிபெயர்ப்புச் சிக்கல்

'அவளைக் கூட்டிக்கொண்டு போனான்' என்று சாட்சி ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். மகன் தாயைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கும் இவ்வினையே வழங்குகிறது. செல்பவரின் விருப்பம் பற்றி இவ்வினை எதுவும் உணர்த்துவதில்லை. இதனை 361ஆம் பிரிவின் ஆங்கில வினையாலேயே பெயர்த்தால், சாட்சி சொல்லாத செயற்பங்கு ஆணின்மேல் ஏறிவிடும். மாறாக, 'அவனோடு போனாள்' என்பது பெண்ணை வினைமுதலாக்கினும், முன்னர் நிகழ்ந்த தூண்டுதலை மறுப்பதாகாது. 'ஓடிப்போனாள்' என்பதோ பெண்ணை வினைமுதலாக்குவதுடன் பழிப்புப் பொருளையும் சேர்க்கிறது. செய்தித்தாள்களின் 'கடத்தல்' பண்டத்துக்கும் ஆளுக்கும் பொதுவாதலின், பெண்ணின் விருப்பத்தை முற்றிலும் மறைத்துவிடுகிறது.

5. முடிவுரை

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆம் பிரிவும் அதே ஆங்கில வினையைக் கொண்டுள்ளது. ஆதலின் சிக்கல் நீடிக்கிறது. வாக்குமூலத்தைப் பெயர்ப்போர் வினைமுதல் யார், பெண்ணின் பெயர் 'ஐ' உருபு ஏற்றதா, ஆணின் பெயர் 'ஓடு' உருபு ஏற்றதா என்பவற்றை மாற்றாது பேணுதலும், ஐயத்திற்கிடமான இடத்தில் மூலத் தொடரை உடன் தருதலும் இன்றியமையாதன. இங்கு வேற்றுமை உருபு ஒன்றின் பிறழ்ச்சி ஒருவரது விடுதலையையும் மற்றொருவரது விருப்பத்தையும் பறிக்கக்கூடும்.