வைரமா, கரியா?

பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் மோதிரத்தில் பதித்த வைரமும் கரிமம் என்னும் ஒரே தனிமத்தால் ஆனவை. வேறுபாடு அணுக்களின் அமைப்பில்தான் உள்ளது. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் தன்னைச் சூழ்ந்த நான்கு அணுக்களோடு பிணைந்திருக்கும். கிராஃபைட்டிலோ மூன்று அணுக்களோடு மட்டும் பிணைந்து, தகடு தகடாக அடுக்கப்பட்டிருக்கும்.

கையில் எடுத்துப் பார்க்கும் அளவில் இருந்தால், இவ்விரண்டையும் சிறுவர்கூடப் பிரித்தறிவர். துகள் கண்ணுக்கே தெரியாவிட்டால் என்ன செய்வது?

1969ஆம் ஆண்டு பிப்ரவரியில், மெக்சிகோவின் வடபகுதியில் அயெந்தே எனப் பெயர் பெற்ற விண்கல் சிதறி விழுந்தது. அதன் துண்டுகளை அறிவியலாளர்கள் அமிலங்களில் கரைத்தனர். கரையாமல் எஞ்சிய பொடியில் வைரத் துகள்கள் இருப்பதாக 1987இல் அறிவித்தனர். ஒரு துகளின் அளவு ஏறத்தாழ 3 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரை ஒரு மில்லியன் பங்காக்கினால் கிடைப்பதே ஒரு நானோமீட்டர். அப்பொடியில் சிக்கியிருந்த செனான் வாயுவின் கலவையும் வியப்பளித்தது. அது சூரியக் குடும்பத்தில் வழக்கமாகக் காணப்படும் கலவையை ஒத்திருக்கவில்லை. எனவே, அத்துகள்களுள் சிலவேனும் சூரியன் தோன்றுவதற்கு முன்பே உருவானவை எனக் கருதப்படுகிறது. அப்படியானால், அந்தப் பொடி முழுவதும் வைரம்தானா, வேறு வகைக் கரிமமும் அதில் கலந்துள்ளதா என்று அறிவது முக்கியமாயிற்று.

இதற்கு உதவியது எலெக்ட்ரான் நிறமாலை முறை. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில், மிக வேகமான எலெக்ட்ரான் கற்றையைத் துகளின் ஊடே செலுத்துவார்கள். பெரும்பாலான எலெக்ட்ரான்கள் ஆற்றலை அதிகம் இழக்காமல் வெளியேறும். சில, கரிம அணுவின் உட்புற எலெக்ட்ரானோடு மோதித் தம் ஆற்றலில் ஒரு பகுதியை இழக்கும். வெளியே வரும் கற்றையைக் காந்தம் ஒன்று வளைக்கிறது. ஆற்றல் குறைந்தவை கூடுதலாக வளையும். முப்பட்டகம் ஒளியை நிறம் நிறமாகப் பிரிப்பதுபோல, காந்தம் எலெக்ட்ரான்களை ஆற்றல்வாரியாகப் பிரித்துவிடுகிறது.

அவை இழந்த ஆற்றலை வரைபடமாக்கினால் விடை தெரியும். கிராஃபைட்டாக இருந்தால் 285 எலெக்ட்ரான்வோல்ட்டில் கூர்மையான முகடு தோன்றும். தூய வைரத்தில் அம்முகடு இராது. அதன் ஏற்றம் சுமார் 289இல்தான் தொடங்கும். நான்கே எண்கள் வேறுபாடு! ஆனால் அதுவே போதும்.

1990இல் விண்கல் பொடியை இவ்வாறு ஆராய்ந்தபோது, வைரத்திற்குரிய வடிவத்தோடு 285இல் ஒரு சிறு முகடும் தெரிந்தது. அது துகள்களின் மேற்பரப்பில் உள்ள வைரமல்லாத கரிமத்தால் தோன்றியது என ஆய்வாளர்கள் விளக்கினர். இவ்வளவு சிறிய துகளில் அணுக்களின் கணிசமான பங்கு மேற்பரப்பில்தானே இருக்கும்! அங்குள்ள அணுவுக்கு நான்கு பக்கமும் துணை கிடைப்பதில்லை.

இந்த ஆய்வில் ஓர் இடையூறும் உண்டு. வலிமையான கற்றை நெடுநேரம் பட்டால், நுண்ணிய வைரமே கிராஃபைட் போன்ற அடுக்குகளாக மாறிவிடக்கூடும். ஆதலால் ஆய்வாளர்கள் கற்றையின் வலிமையைக் குறைத்து, விரைவாக அளந்து முடிக்கிறார்கள்.